கை எட்டாத இடம்

இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அரிப்பு. கல்லீரல் நோயால் வரும் அரிப்பும், அதற்கு வெளிச்சத்தைக் கொண்டு செய்யும் சிகிச்சையும். அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு, ‘இதில் பேச என்ன இருக்கிறது?’ என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம். புற்றுநோய் என்றால் மண்டபம் அமைதியாகிவிடுகிறது. மாரடைப்பு என்றால் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. அரிப்பு என்றால்? யாரும் பயப்படுவதில்லை. யாரும் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருவதில்லை. ‘குளித்தாயா? சோப்பை மாற்று’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவள்தான். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்போது நான் தோல் மருத்துவத்தில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். புறநோயாளிகள் பிரிவுக்கு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்தார். கையில், காலில், வயிற்றில் எங்கு பார்த்தாலும் நகக்கீறல். தோல் கருத்துத் தடித்திருந்தது. நான் சிரங்கு என்று முடிவு கட்டினேன். உடம்பு முழுக்கப் பூசிக்கொள்ள மருந்து எழுதிக் கொடுத்தேன். வீட்டில் எல்லோரும் பூச வேண்டும் என்றேன். பூசினார்கள். இரண்டு வாரம் கழித்து வந்தார், குறையவில்லை. மறுபடியும் அதே மருந்து. மூன்றாவது முறை வந்தபோது மெதுவாகச் சொன்னார்: “டாக்டரம்மா, தோல் மேல அரிக்கலம்மா. உள்ள எங்கேயோ அரிக்குது. சொறியச் சொறிய ரத்தம்தான் வருது, அடங்கமாட்டேங்குது.” உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான் முதலில் ஆரம்பித்ததாம். பொழுது சாய்ந்தால் கூடுமாம். சீப்பால் சொறிவாராம். தேங்காய் நாரால் தேய்ப்பாராம். வீடே தூங்கும்போது இவர் மட்டும் எழுந்து உட்கார்ந்து, கட்டில் கயிற்றில் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே விடியலுக்குக் காத்திருப்பாராம்.

அந்த வழியாக வந்த எங்கள் பேராசிரியர் அவரைத் திரும்பி உட்காரச் சொன்னார். முதுகைப் பார்த்தோம். தோள் கருத்திருந்தது, விலாப்புறம் கருத்திருந்தது, இடுப்பு கருத்திருந்தது. நடு முதுகில் மட்டும், இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் இடையே, தோல் பழைய நிறத்தில் பளிச்சென்று இருந்தது. ஒரு வண்ணத்துப்பூச்சி இறக்கையை விரித்து உட்கார்ந்தது போன்ற வடிவம். “அந்த இடம் மட்டும் ஏன் நன்றாக இருக்கிறது?” என்று பேராசிரியர் என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த அம்மாதான் சொன்னார்: “அங்க கை எட்டாதுங்க ஐயா.”

கை எட்டாத இடம் நன்றாக இருக்கிறது! தோலிலேயே நோய் இருந்தால் அந்த இடத்தை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்? நான் மூன்று முறை பார்த்ததெல்லாம் அவருடைய நகம் செய்த வேலை. நோய் வேறெங்கோ இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தோம். அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி பல மடங்கு ஏறியிருந்தது. கண்ணில் மஞ்சள் இல்லை, வயிற்றில் வலி இல்லை. ஆனால் கல்லீரலுக்குள் பித்தநீர் ஓடும் நுண்குழாய்களை அவருடைய உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரித்துக்கொண்டிருந்தது. பிரைமரி பிலியரி கோலாஞ்சைடிஸ் என்பது அந்த நோயின் பெயர். நடுவயதுப் பெண்களைத்தான் அதிகம் பிடிக்கும். 2015 வரை அதன் பெயரில் ‘சிரோசிஸ்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. சிரோசிஸ் என்றாலே ‘குடித்திருப்பாள்’ என்று ஊர் பேசும். ஒரு சொட்டு மதுவைத் தொடாத பெண்களுக்கு அந்தப் பழியும் சேர்ந்தது. பெயரை மாற்றியது நல்ல காரியம்.

அப்படியானால் கல்லீரலில் அடைப்பு வந்தால் தோலில் ஏன் அரிக்க வேண்டும்?

கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. அது பித்தநாளம் வழியாகக் குடலுக்குப் போக வேண்டும். வாய்க்காலில் அடைப்பு வந்தால் தண்ணீர் என்ன செய்யும்? வயலில் ஏறும். அதுபோலக் குடலுக்குப் போக வேண்டியவை ரத்தத்தில் ஏறுகின்றன. அவற்றில் ஒன்றுதான் மஞ்சள் நிறம் தரும் பிலிருபின். உங்களில் பலர் நினைத்திருப்பீர்கள், அந்த மஞ்சள்தான் அரிப்புக்குக் காரணம் என்று. மஞ்சள் வேறு, அரிப்பு வேறு. நான் சொன்ன அம்மாவுக்கு மஞ்சளே இல்லை. அரிப்பு உயிரை வாங்கியது. உடம்பெல்லாம் மஞ்சள் பூத்தும் ஒரு நமைச்சல் கூட இல்லாதவர்களும் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் பித்த அமிலங்களைச் சந்தேகித்தார்கள். 2010-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஆந்திரயாஸ் கிரெமரும் அவருடைய குழுவினரும், ஆட்டோடாக்சின் என்ற நொதி இந்த நோயாளிகளின் ரத்தத்தில் கூடியிருப்பதையும் அரிப்பின் கடுமையோடு சேர்ந்து அது ஏறுவதையும் காட்டினார்கள். இன்னும் முழு விடை வரவில்லை. ஆனால் ஒன்று உறுதி: கொசு கடித்தால் வரும் அரிப்புக்குக் காரணமான ஹிஸ்டமின் இங்கே முக்கியக் குற்றவாளி இல்லை. அதனால்தான் நாம் கடையில் வாங்கி விழுங்கும் அரிப்பு மாத்திரை இதைத் தொடுவதில்லை. தூக்கம் வரும், அரிப்பு போகாது.

இந்த அரிப்பின் கொடுமை எந்த அளவு? கல்லீரல் இன்னும் ஓரளவு வேலை செய்துகொண்டிருக்கும்போதே, அரிப்பு ஒன்றுக்காகக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். மருத்துவ வழிகாட்டு நூல்களே அதற்கு இடம் தருகின்றன. அரிப்பு தாங்காமல் வயிற்றைக் கிழித்து ஓர் உறுப்பையே மாற்றச் சொல்லி ஒரு மனிதர் கேட்கிறார் என்றால், அவர் எத்தனை இரவு தூங்காமல் இருந்திருப்பார்!

மருந்துகள் உண்டு. கொலஸ்டைரமின் என்ற தூள் முதல் படி. தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும், மணலைக் குடிப்பது போல இருக்கும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் அவற்றையும் இது பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். காசநோய்க்குத் தரும் ரிபாம்பிசின், அடுத்து நால்ட்ரெக்சோன், செர்ட்ரலின் என்று வரிசை போகிறது. கொழுப்பைக் குறைக்கத் தரும் பெசாஃபைப்ரேட் இந்த அரிப்பைக் குறைக்கிறது என்று 2021-இல் நெதர்லாந்திலும் ஸ்பெயினிலும் நடந்த ஆய்வு காட்டியது. பித்த நாளக் குறைபாட்டோடு பிறந்து அரித்து அழும் குழந்தைகளுக்குப் புதிய மருந்துகள் வந்திருக்கின்றன. இத்தனையும் இருந்தும் சிலருக்கு எதுவும் கேட்பதில்லை. கேட்டாலும் உடம்பு ஏற்பதில்லை. அவர்களுக்காகத்தான் நான் வெளிச்சத்தைப் பற்றிப் பேச வந்தேன்.

வெளிச்சம் மருந்தாகுமா?

வெளிச்சத்தை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் நீல்ஸ் ஃபின்சன். ஃபரோ தீவுகளில் 1860-இல் பிறந்து கோபன்ஹேகனில் பணியாற்றியவர். தோலில் வரும் காசநோய்க்கு மின்விளக்கின் ஒளியைக் குவித்துச் சிகிச்சை செய்தார். 1903-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவர் எப்படி வாழ்ந்தார் தெரியுமா? இதயத்தையும் கல்லீரலையும் சுற்றிய சவ்வுகள் இறுகும் நோய். வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். கடைசி ஆண்டுகள் சக்கர நாற்காலியில். பரிசு பெற்ற மறு ஆண்டே, 43 வயதில் காலமானார். ஒளியைக் கொண்டு பிறர் நோயைத் தீர்க்கப் பார்த்தவர் தானே ஒரு தீராத நோயாளி. அவர் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

அடுத்த காட்சி இங்கிலாந்து, எசெக்ஸ் வட்டாரத்தில் ராச்ஃபோர்டு மருத்துவமனை. 1956. குறைமாதக் குழந்தைகள் பிரிவின் பொறுப்பாளர் சிஸ்டர் ஜீன் வார்டு. வெயிலும் காற்றும் குழந்தைக்கு நல்லது என்று நம்பியவர். நல்ல வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார். ஒரு நாள் மருத்துவர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் வெளுத்திருந்தது. ஒரு முக்கோணத் திட்டு மட்டும் அடர் மஞ்சள். அங்கே துணியின் மூலை மூடியிருந்தது! வெயில் பட்ட இடம் வெளுத்தது, படாத இடம் மஞ்சளாகவே நின்றது. பிறகு, ரத்தம் எடுத்து வைத்துச் சன்னலோரம் வெயிலில் விட்டுப்போன சோதனைக் குழாய் ஒன்றிலும் மஞ்சள் அளவு குறைந்திருந்தது. ரிச்சர்ட் கிரீமர் என்ற மருத்துவரும் தோழர்களும் விளக்கு வைத்துத் தொட்டில் செய்தார்கள். 1958-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் நீல விளக்கின் கீழே கண்ணைக் கட்டிப் படுத்திருக்கும் குழந்தைகள் எல்லாம் அந்தச் செவிலித்தாயின் கண்ணுக்குக் கடன்பட்டவர்கள்.

இங்கே தாய்மார்களிடம் ஒரு வார்த்தை. காலை வெயிலில் காட்டினால் போதும் என்று பிறந்த குழந்தையின் மஞ்சளை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் நின்றால், மலம் வெளுத்துப் போனால், அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். பித்தநாளம் அடைத்த குழந்தைக்கு நாள் கணக்கு முக்கியம்.

குழந்தைக்கு நாம் காட்டுவது கண்ணுக்குத் தெரியும் நீல ஒளி. அது மஞ்சளைக் கரைக்கிறது. பெரியவர்களின் அரிப்புக்குக் காட்டுவது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா. இரண்டும் ஒளிதான், வேலை வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

புற ஊதாவின் கதை பாஸ்டனில் தொடங்குகிறது. அங்கே கல்லீரல் இல்லை, சிறுநீரகம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் இதே மாதிரி ஓயாத அரிப்பு வரும். 1977-இல் பார்பரா கில்கிரெஸ்ட் என்ற மருத்துவர் 18 நோயாளிகளை எடுத்துக்கொண்டார். பத்துப் பேருக்குப் புற ஊதாவின் பி வகை. எட்டுப் பேருக்கு ஏ வகை. பி வகை பெற்ற பத்தில் ஒன்பது பேருக்கு அரிப்பு குறைந்தது. ஏ வகை பெற்ற எட்டில் இரண்டு பேருக்குத்தான். அவரும் குழுவினரும் அதோடு விடவில்லை. உடம்பின் ஒரு பாதிக்கு மட்டும் ஒளியைக் காட்டினார்கள். என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒளி பட்ட பாதியில் மட்டும் அரிப்பு அடங்கியிருக்க வேண்டும் இல்லையா? ஒளியே படாத மறுபாதியிலும் அடங்கியது!

இதைப் படித்த அன்று எனக்கு அந்த அம்மாவின் முதுகு நினைவுக்கு வந்தது. கை எட்டாத இடத்துக்கும் இந்த ஒளியின் பலன் எட்டுகிறது. தோலின் நரம்பு நுனிகளையும் அழற்சிச் செல்களையும் அமைதிப்படுத்துவதோடு, ரத்தத்தில் சுற்றும் ஏதோ ஒன்றையும் ஒளி மாற்றுகிறது என்று எண்ண இடமிருக்கிறது.

1980-இல் லான்செட்டில், கல்லீரல் அரிப்புக்கு இதே ஒளியைக் கொடுத்துப் பார்த்த அனுபவம் வெளிவந்தது. பிறகு நெடுங்காலம் இந்தப் பக்கம் பெரிதாக யாரும் திரும்பவில்லை. 2012-இல் பெல்ஜியத்தின் லூவன் நகரத்து மருத்துவர்கள், மருந்துகளுக்கு அடங்காத கல்லீரல் அரிப்பு கொண்ட 13 பேரைப் பற்றி எழுதினார்கள். புற ஊதா பி. ஏறக்குறைய எட்டு வாரம். 13 பேரில் 10 பேருக்கு அரிப்பு 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது.

இங்கே நான் உங்களுக்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும். 13 பேர் என்பது சின்னக் கூட்டம். பொய் விளக்கு காட்டி ஒப்பிட்ட குழு அதில் இல்லை. ‘ஒளியால் கல்லீரல் அரிப்பு தீரும்’ என்று விளம்பரம் போட யாருக்கும் உரிமை கிடையாது. ‘மருந்து கேட்காதவர்களுக்கு முயன்று பார்க்கத் தகுந்தது, பலருக்குப் பலன் தந்திருக்கிறது’ என்று சொல்ல உரிமை உண்டு. நான் அவ்வளவுதான் சொல்கிறேன். கல்லீரல் நோயையும் இது தொடாது. குழாய் அழிவது நிற்காது. தூக்கம் திரும்பும். அந்தத் தூக்கத்தின் அருமை, தூங்காதவர்களுக்குத்தான் தெரியும்.

வெளிச்சத்தைக் கண்ணுக்குக் காட்டிப் பார்த்தவர்களும் உண்டு. இந்த அரிப்பை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்ட நோரா பெர்காசா, சொறிவதற்கும் ஒரு நாள் சுழற்சி இருக்கிறது என்று கவனித்தார். அந்தச் சுழற்சியையே மாற்றலாமே என்று 10,000 லக்ஸ் வெண்ணிற ஒளியின் எதிரே நோயாளிகளை உட்கார வைத்து, 2001-இல் அதன் முடிவை எழுதினார். அதுவும் சிறு முயற்சிதான்.

சரி, சிகிச்சை எப்படி நடக்கும்? ஆள் உயரக் கூண்டு. உள்சுவர் முழுக்க நீண்ட குழல்விளக்குகள். இப்போது பெரும்பாலும் நேரோபேண்ட் விளக்குகள், 311 நானோமீட்டரை ஒட்டிய ஒரே ஒரு இழையை வெயிலிலிருந்து உருவி எடுத்தது மாதிரி. கண்ணுக்கு அடர் கண்ணாடி போட வேண்டும். ஆண்கள் உறுப்பை மூடிக்கொள்ள வேண்டும். உள்ளே போய் நிற்க வேண்டியதுதான். ஊசி இல்லை, வலி இல்லை. முதல் நாள் மிகக் கொஞ்ச நேரம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டுவோம். வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, அடுத்தடுத்த நாட்களில் கூடாது. வெள்ளைத் தோலில் அளவு மீறினால் சிவப்பது பளிச்சென்று தெரியும். நம் நிறத்தில் எளிதில் தெரியாது. அதனால் ஒவ்வொரு முறையும் ‘எரிந்ததா, காந்தியதா?’ என்று கேட்டுத்தான் அடுத்த அளவை வைக்க வேண்டும். தோல் கொஞ்சம் கறுக்கும், வறளும். நிறத்துக்காகப் பயந்து பாதியில் நின்றுவிடும் இளம்பெண்கள் உண்டு. அவர்களிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

‘வெயிலில் நின்றால் போதாதா?’ என்று கேட்பீர்கள். போதாது. வெயிலில் அளவு இல்லை. வெயிலில் சூடு இருக்கிறது, சூடு இந்த அரிப்பைக் கிளப்பிவிடும். கண்ணாடிச் சன்னல் வழியாக வரும் வெயிலில் பி வகைக் கதிர் ஏறக்குறைய வருவதே இல்லை.

எல்லோருக்கும் இந்தக் கூண்டு பொருந்துமா? பொருந்தாது. லூபஸ் என்ற நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. புரோட்டோபோர்ஃபிரியா என்ற பிறவிக் குறையில் கல்லீரலும் கெடும், வெளிச்சமும் ஆகாது. அவர்களைக் கூண்டில் ஏற்றுவது கொடுமை. கல்லீரல் மாற்றிக்கொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்குத் தோல் புற்றுநோய் அபாயம் கூடுதல். அங்கே ரொம்ப யோசிக்க வேண்டும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற பட்டியல் இல்லாமல் விளக்கைப் போடவே கூடாது.

இன்னொன்று. நம் சித்த மருத்துவத்தில் கார்போகரிசி என்று ஒரு விதை உண்டு. வெண்புள்ளிக்குத் தருவார்கள். (வெண்குஷ்டம் என்ற சொல்லை இனி விட்டுவிடுங்கள், அது குஷ்டம் இல்லை.) அந்தச் செடியின் தாவரவியல் பெயரிலிருந்துதான் சோரலென் என்ற பொருளுக்கே பெயர் வந்தது. சோரலெனும் புற ஊதா ஏ ஒளியும் சேர்ந்த சிகிச்சை 1974-இல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. நம் மண்ணுக்கு அதில் பங்கு உண்டு என்பதில் எனக்குப் பெருமை. ஆனால் கார்போகரிசியால் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள், அது பதிவாகியிருக்கிறது. கல்லீரல் நோயாளி யாரும் அரிப்புக்கென்று அதைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டீர்களா? தூளைக் குடித்துப் பார்த்தார், மலச்சிக்கல் தாங்க முடியவில்லை. பேராசிரியர் அவரை எங்கள் பிரிவின் ஒளிக் கூண்டுக்கு அனுப்பினார். வாரம் மூன்று நாள், இரண்டு பஸ் மாறி வருவார். அன்றைய கூலி போகும். ஆறாவது வாரம் ஒரு காலை வந்து, “டாக்டரம்மா, நேத்து நாலு மணி நேரம் தூங்கினேன்” என்றார். சொல்லும்போதே அழுதார். பிறகு நிறுத்தினோம், சில மாதம் கழித்து அரிப்பு திரும்பியது. மறுபடி ஆரம்பித்தோம், மறுபடி அடங்கியது. அப்படித்தான் போயிற்று.

என் மனதை உறுத்துவது வேறு. அந்த ஒளிக் கூண்டு வெண்புள்ளிக்காகவும் சொரியாசிஸுக்காகவும் எங்கள் பிரிவில் ஏற்கெனவே இருந்தது. கல்லீரல் நோயாளிகள் அதே வளாகத்தில், அடுத்த கட்டடத்தில் இருந்தார்கள். அங்கே அரிப்பு என்று அழுதவர்களை யாரும் இங்கே அனுப்பவில்லை. இங்கே சொறிந்துகொண்டு வந்தவர்களை நாங்களும் அங்கே அனுப்பவில்லை. இரண்டு கட்டடத்துக்கும் நடுவே நடந்தால் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை நடக்க ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கணக்கில் ஆகிறது. மருத்துவம் படிக்கும் தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் எந்தப் பிரிவில் மருத்துவரானாலும் இந்த நடையை நோயாளிக்காக நடங்கள். சொறிந்த தடம் மட்டும் இருந்து வேறு நோய் தெரியாத தோலைப் பார்த்தால் முதுகைப் பாருங்கள். கல்லீரல் பரிசோதனை எழுதுங்கள். கல்லீரல் நோயாளியிடம் ‘இரவில் தூங்குகிறீர்களா?’ என்று கேளுங்கள்.

கர்ப்பிணிப் பெண்கள் உள்ள வீடுகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். கடைசி மூன்று மாதத்தில் தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்கால் இரவில் அரித்தால், ‘வயிறு விரியுது, அரிக்கத்தான் செய்யும்’ என்று மாமியாரோ அம்மாவோ சமாதானம் சொல்லிவிட வேண்டாம். மறுநாளே ரத்தத்தில் பித்த அமிலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அது லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் கூடுகிறது. அங்கே காத்திருக்க நேரம் இல்லை.

கல்லீரல் நோயோடு வாழ்பவர்களே, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பரிசோதனைத் தாளை நீட்டுவதற்கு முன்னால் அரிப்பைச் சொல்லுங்கள். எங்கே அரிக்கிறது, எத்தனை மணிக்குக் கூடுகிறது, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று ஒரு வாரம் எழுதிவைத்துக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். மருந்துக்கு அடங்கவில்லை என்றால், ‘எனக்கு ஒளி சிகிச்சை பொருந்துமா, தோல் மருத்துவரிடம் அனுப்புவீர்களா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். கேளுங்கள்.